நுரையீரல் தழும்பு: ரத்த ரிப்போர்ட்ட வச்சு ஆயுச சொல்ல முடியுமா? கேளுங்க, சொல்றேன்

சேலத்துல நெஞ்சு டாக்டர்கிட்ட ஊதுற டெஸ்ட் எடுக்குற டெக்னீஷியன் நான், “ஊதுங்க ஊதுங்க விடாதீங்க”ன்னு கத்தியே தொண்ட போச்சு. டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுட்டு கேளுங்க.

கேள்வி (அம்மாபேட்டை): அண்ணா, அப்பாக்கு 67 வயசு, ஐபிஎஃப்னு (காரணம் தெரியாம நுரையீரல் தழும்பாகுற வியாதி) சொல்லிட்டாங்க. ரத்த டெஸ்ட்ல கேஎல்-6 1420 வந்துருக்கு. 1000 தாண்டுனா ஒன்றரை வருஷம்தான்னு நெட்ல போட்ருக்கு, ரெண்டு நாளா தூங்கல.

பதில்: அந்த 1000 எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன் கேளும்மா. 2006ல ஜப்பான்ல ஒரு ஆராய்ச்சி, மொத்தமே 27 பேரு, 1000க்கு மேல இருந்தவங்கள்ல பாதிப்பேரு 18 மாசத்த தாண்டல. 27 பேரு, நம்ம டவுன் பஸ்ல ஒரு பக்கம் உக்கார்ற கூட்டம்! அதுவும் இன்னிக்கி இருக்குற பிர்ஃபெனிடோன், நின்டடானிப்னு தழும்பு வேகத்த கொறைக்குற மாத்திரையெல்லாம் பரவலா வர்றதுக்கு முன்னாடி. கேஎல்-6ங்குறது காத்துப்பை சுவத்துல இருக்குற செல்லு அடிபட்டு திரும்ப மொளைக்கும்போது ரத்தத்துல கசியுற புரோட்டீன், அதனால கூட இருந்தா உள்ள வேல நடக்குதுன்னு அர்த்தம், அவ்ளோதான். ஒரு நம்பர் தேதி குறிக்காது. ஆறு மாசம் கழிச்சு அதே லேப்ல எடுத்து ஏறுதா எறங்குதான்னு பாத்தா கொஞ்சம் பிரயோஜனம் உண்டு.

கேள்வி (செவ்வாப்பேட்டை): கேஎல்-6 கூட இருந்தாலே ஐபிஎஃப் தானா சார்?

பதில்: இல்ல. புறா எச்சத்தால வர்ற அலர்ஜி தழும்பு, மூட்டுவாதத்தோட வர்ற தழும்பு, சில கேன்சர்லகூட ஏறும். என்ன வியாதின்னு பிரிக்க இத நம்பாதீங்கன்னு 2018 சர்வதேச வழிகாட்டிலயே இருக்கு. உங்க வீட்டு ஏசி பெட்டி மேல புறா கூடு இருக்கான்னு மொதல்ல பாருங்க, இத டாக்டர்கிட்ட சொல்ல பாதிப்பேரு மறந்துர்றாங்க.

கேள்வி (ஏற்காடு): சாதா ரத்த அணு டெஸ்ட்ல (சிபிசி) மோனோசைட்ங்குற வெள்ளை அணு 1000ன்னு இருக்கு, இதும் கெட்டதா?

பதில்: ஐபிஎஃப் இருக்குறவங்கள்ல 950 தாண்டுனவங்களுக்கு உயிர் ரிஸ்க் கூடன்னு 2019ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஆனா காய்ச்சல், சளி, ஸ்டீராய்டு எல்லாமே அத ஆட்டும். ஒரு தடவ பாத்து பயப்படாதீங்க. அப்புறம் ஒண்ணு, நீங்க இருக்குறது சுமாரா 1500 மீட்டர் உசரத்துல, விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கிளிப் கீழ சேலத்துல காட்டுறதவிட கொஞ்சம் கம்மியாதான் காட்டும், ரெண்டு எடத்து ரீடிங்கையும் போட்டு கொழப்பிக்காதீங்க.

கேள்வி (அஸ்தம்பட்டி): அப்ப எதத்தான் பாக்குறது?

பதில்: ஐபிஎஃப்ல ரிஸ்க்க கணிக்க கேப் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, 2012ல வந்தது. ஆணா பொண்ணா, வயசு, ஊதுற அளவு, டிஎல்சிஓ (நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு காத்து எவ்ளோ நல்லா போகுதுன்னு பாக்குற டெஸ்ட்), இந்த நாலுதான், ரத்தமே வேணாம். அதோட ஆறு நிமிஷ நடை. எங்க வராண்டாவுல ஒருத்தர் கிளிப் போட்டு நடந்தார், ஒக்காரும்போது ஆக்சிஜன் 95, நாலாவது சுத்துல 83, அவரோட ரத்த ரிப்போர்ட்டோ பாக்க அழகா இருந்துச்சு. எனக்கு அந்த 83தான் பெருசு.

கேள்வி (அம்மாபேட்டை, மறுபடி): அப்பாகிட்ட அந்த 1420ஐ சொல்லட்டுமாண்ணா?

பதில்: அவரே கேட்டா மறைக்காதம்மா, ஆனா நீயா போயி ஒன்றரை வருஷக் கணக்க சொல்லிறாத. அடுத்த தடவ வரும்போது பழைய ஊதுன ரிப்போர்ட்டையும் சிடி ஸ்கேன் டிஸ்க்கையும் மறக்காம எடுத்துட்டு வா.