சூப்பில் ஒதுக்கிய கிழங்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் நானும் மனைவியும் போன மாதம் பெரு போனோம். குஸ்கோவிலிருந்து சின்செரோவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனோம். இரண்டு நெசவுக் கூடங்களில் சாயம் போடுவதைக் காட்டினார்கள். இரண்டிலும் ஒரே பேச்சு, ஒரே நகைச்சுவை. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆர்வம் வடிந்துவிட்டது. வெளியே ஒரு கடையில், லாமா போன்ற அல்பாக்கா என்ற விலங்கின் கம்பளியில் நெய்தது என்று, ‘பேபி அல்பாக்கா’ சால்வை 120 சோல் என்றார்கள். பேரம் பேசி 60-க்கு வாங்கினேன். விடுதியில் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு இது அக்ரிலிக் என்றார். மனைவிக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சாப்பாடும் சரியில்லை. சந்தையில் ஒரு சூப் வாங்கினோம். அதில் கறுப்பாக, ரப்பர் மாதிரி ஏதோ கிடந்தது, அழுகின உருளைக்கிழங்கு என்று ஒதுக்கிவிட்டோம். அசல் அல்பாக்காவைக் கண்டுபிடிப்பது எப்படி? இந்தச் சந்தைகளில் உண்மையான மரபு ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இல்லை எல்லாமே பயணிகளுக்காக நடத்தும் நாடகம்தானா?

எஸ்., டெக்சாஸ்

அன்புள்ள எஸ்.,

கேள்வி இரண்டு கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த இரண்டுக்காகவும் இல்லை. சூப்பில் கறுப்பாகக் கிடந்ததை ஒதுக்கிவிட்டோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. போன வாரம்தான் பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை இறக்கி, அதே கறுப்புக் கிழங்கில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது அழுகின கிழங்கு இல்லை தம்பி. அதன் பெயர் சுன்யோ.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். 60 சோலுக்கு நல்ல அல்பாக்கா சால்வை கிடைக்காது. அல்பாக்கா தொட்டவுடன் லேசாகக் குளிரும், கையில் கனம் தெரியும். ‘பேபி’ என்றால் குட்டியின் உரோமம் என்று நினைக்க வேண்டாம், இழை எவ்வளவு மெல்லியது என்பதற்கு வைத்திருக்கும் தரப்பெயர் அது. பொய் சொல்லி விற்றது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அக்ரிலிக் என்றாலே முகம் சுளிக்காதீர்கள். அந்த மலைப் பெண்களே தங்கள் சொந்தத் துணிக்கு அக்ரிலிக் நூலை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். கண்ணைப் பறிக்கும் ரோஸும் கிளிப்பச்சையும் அதில்தான் சுலபமாகக் கிடைக்கிறது. உங்கள் மனைவிக்குப் பிடித்திருக்கிறது என்றால் சால்வை விஷயம் அதோடு முடிந்தது.

நாடகம் என்று எழுதியிருப்பதுதான் எனக்கு வருத்தம். நீங்கள் அங்கே இருந்தது எத்தனை நிமிஷம்? முக்கால் மணி நேரம் இருக்குமா? அதற்குள் அந்தப் பெண் வேரைத் துருவி நுரை கிளப்பிக் கம்பளியைத் துவைத்துக் காட்ட வேண்டும், சப்பாத்திக்கள்ளியில் சாம்பல் பூத்தாற்போல் ஒட்டியிருக்கும் கொச்சினில் பூச்சியைச் சுரண்டி உள்ளங்கையில் நசுக்க வேண்டும், அந்த ரத்தச் சிவப்பில் எலுமிச்சை பிழிந்து அது ஆரஞ்சாக மாறுவதைக் காட்ட வேண்டும். நீங்கள் எழுந்து போனதும் அடுத்த வண்டி வந்து நிற்கும். அவரும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இதில் பேச்சு ஒன்றுபோல் இருக்காமல் எப்படி இருக்கும்? (அந்தப் பூச்சிக்கு ஆசைப்பட்டு 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார்கள். அது தனிக்கதை.) பேச்சுதான் மனப்பாடம், கை இல்லை. இடுப்பில் கட்டிய தறியில் நூலை எண்ணி எண்ணி எடுத்து, லாமா எலும்பால் தட்டி இறுக்குகிற கையை நீங்கள் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன், ஒரு வார்த்தைகூட அதைப் பற்றி இல்லை. ஒரு காலத்தில் அங்கே இளம்பெண்கள் நெசவைக் கற்றுக்கொள்வதே அரிதாகி வந்தது. சின்செரோவிலேயே பிறந்த நில்டா கய்யஞாவ்பா போன்றவர்கள் 1996-இல் குஸ்கோவில் மரபு நெசவு மையத்தைத் தொடங்கி, ஊர் ஊராகக் கிழவிகளையும் சிறுமிகளையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். நீங்கள் நாடகம் என்று சொல்வதை வாங்க ஆள் வருவதால்தான் அந்தத் தறிகள் ஓடுகின்றன. சரி, இது போதும்.

சுன்யோவுக்கு வருகிறேன்.

நாம் வற்றல் போடுகிறோம். சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர்மிளகாய் எல்லாம் வெயிலை நம்பி. ஆண்டிஸ் மலையின் மேல்பகுதியில், கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில், பகலில் சுட்டெரிக்கும் வெயிலும் ராத்திரியில் உறைபனியும் ஒரே நாளில் கிடைக்கின்றன. ஜூனிலும் ஜூலையிலும் வானம் மேகமில்லாமல் இருக்கும். அப்போது உருளைக்கிழங்கைப் புல்தரையில் பரப்புவார்கள். ராத்திரி கல்லாக உறையும், பகலில் இளகும். நாலைந்து ராத்திரி இப்படிப் போனதும் கிழங்கு கொழகொழவென்று ஆகிவிடும். அப்புறம் சிறு சிறு குவியலாகக் கூட்டி, வெறுங்காலால் மிதிப்பார்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும், தோல் கழன்றுவரும். மறுபடி காயப்போட்டால் சுக்கு மாதிரி சுருங்கி, கறுத்து, கல்போல இறுகிவிடும். அஞ்சு கிலோ கிழங்கு ஏறத்தாழ ஒரு கிலோவுக்கு வந்துவிடும். அதையே ஓடுகிற தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு எடுத்தால் வெள்ளை வெளேரென்று ஆகும், அதற்குக் குஸ்கோ பக்கம் மொராயா என்று பெயர்.

எதற்கு இத்தனை பாடு? பனிக்கு ஈடுகொடுத்து அந்த உயரத்தில் விளைகிற கிழங்குகளில் சில கசப்பு, அப்படியே தின்றால் உடம்புக்கு ஆகாது. உறைய வைத்து, மிதித்து, அலசினால் அந்தக் கசப்பும் நஞ்சும் வடிந்துவிடும். வடிந்த பிறகு வருஷக்கணக்கில் கெடாது. ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களின் கிடங்குகளில் அடுக்கி வைத்திருந்தது இதைத்தான். 1545-இல், இன்று பொலிவியாவில் இருக்கும் பொட்டோசியில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடித்தபிறகு, அங்கே சுன்யோவைக் கொண்டுபோய் விற்றே பணக்காரர்களாகி ஸ்பெயினுக்குத் திரும்பியவர்கள் உண்டு என்று அந்த நூற்றாண்டிலேயே சியேசா தெ லியோன் என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். மலைக்கு உள்ளே இறங்கி வெள்ளி வெட்டியவர்களின் வயிற்றில் இருந்தது நீங்கள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய அந்தக் கறுப்பு உருண்டை.

உங்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ‘உண்மையான மரபு மிச்சம் இருக்கிறதா’ என்று எனக்கு எழுதுகிறீர்கள். அது உங்கள் கிண்ணத்தில் மிதந்தது. அனேகமாக நீங்கள் குடித்தது சைரோ. இறைச்சி, சோளம், காய்கறியோடு சுன்யோ போட்ட சூப். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களைப் பார்த்தீர்களா? அவர்கள் ஒதுக்கினார்களா? சந்தையில் எது அசல் என்று தெரிய வேண்டுமானால், நம்மைப் போன்றவர்கள் வாங்குவதைப் பார்க்கக் கூடாது. ஊர்க்காரர்கள் பையை எங்கே திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எனக்கும் அப்படிப் பார்க்கத் தலைவலியால்தான் வாய்த்தது. 2018 ஜூனில் அண்ணன் மகளோடு போயிருந்தேன். சின்செரோ 3,700 மீட்டருக்கு மேல். வண்டியிலிருந்து இறங்கி நூறு அடி நடப்பதற்குள் மண்டை பிளந்தது. அவள் சர்ச்சைப் பார்க்க மேலே போனாள், நான் காய்கறி விற்கிற பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு அம்மா தரையில் துணி விரித்துக் கிழங்குகளைக் குவித்து வைத்திருந்தார். ஊதா, மஞ்சள், விரல்போல நீண்டவை, முடிச்சு முடிச்சாக ஒன்று. என்னைப் பார்த்துவிட்டு, மூன்யா தழையைக் கசக்கி மூக்குக்கு நேராக நீட்டினார். புதினாவும் ஓமமும் கலந்தாற்போல ஒரு வாசனை. “மமாய்” என்று கூப்பிட்டார். அம்மா என்றுதான் அர்த்தம் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன், ஆனால் அப்போதே புரிந்தது.

அண்ணன் மகள் திரும்பி வந்ததும் தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் பேசினாள். அந்த முடிச்சுக் கிழங்கின் பெயர் கச்சுன் வகாச்சி, ‘மருமகளை அழவைப்பது’. புதுப்பெண் கையில் கொடுத்துத் தோல் சீவச் சொல்வார்களாம். எனக்கு என் மாமியார் வாழைப்பூவைக் கையில் கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. மதியம் ஆனதும் அந்த அம்மா ஒரு துணி மூட்டையை அவிழ்த்தார். வேகவைத்த கிழங்கு, சுன்யோ, ஒரு துண்டுச் சீஸ், சின்ன டப்பாவில் உச்சுகுட்டா. கேட்கவே இல்லை, எங்கள் இருவருக்கும் பிரித்துவைத்தார். உச்சு என்றால் மிளகாய். ரொகோட்டோ என்கிற குண்டு மிளகாயை வாகட்டாய் தழையோடு சேர்த்துத் தட்டைக்கல்லில் வைத்து, பிறைபோன்ற ஒரு கல்லைத் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டி அரைப்பார்கள். அம்மியில் அரைத்த துவையலின் அதே சொரசொரப்பு. சுன்யோவைக் கடித்தால் முதலில் மழை பெய்த மண்ணின் வாசனை, அப்புறம் மெத்தென்ற ஒரு உறுதி. தொட்டுக்கொண்ட காரத்தையெல்லாம் பஞ்சுபோல உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் டயர் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்பாக மண். எழுந்து நின்று நாலு மிதி மிதித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு கிலோ வாங்கினேன். சொன்ன விலையைக் கொடுத்தேன். முன்னால் வாங்கிய பெண்கள் எல்லாரும் காசைக் கொடுத்துவிட்டு ‘யாப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்வதைக் கவனித்திருந்தேன். அந்த மலைக்காரர்களின் கேச்சுவா மொழியில் கூடுதலாகப் போடுவது, நம் கொசுறு. நானும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார், என்ன நினைத்தாரோ, இன்னொரு பிடியும் போட்டார்.

நீங்கள் 120-ஐ 60 ஆக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷினில் ஓடிய சால்வைக்கு அது போகட்டும். ஆனால் அதே பழக்கத்தில் கைத்தறிக்காரியிடமும் பாதி விலை கேட்கிறவர்களை என் கண்ணால் பார்த்தேன். தோளில் போர்த்தும் ஒரு யிக்ல்யா நெய்ய வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும். விலையில் பாதியைக் கேட்பது அவருடைய பாதி நாட்களைக் கேட்பது. அதைச் செய்யாதீர்கள். கொசுறு கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். கொசுறு கேட்டால் நீங்கள் வாடிக்கையாகிவிடுவீர்கள்.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. குஸ்கோ பக்கத்துப் பிசாக் ஊருக்கு மேலே, ஊர்க்காரர்களே சேர்ந்து கிழங்கு வகைகளைக் காக்கும் ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ ஊர்களில், பூமியின் சூடு ஏற ஏற, கிழங்கு நடுவதை மலையில் மேலே மேலே கொண்டுபோகிறார்கள். ராத்திரியில் சரியாகப் பனி விழாவிட்டால் சுன்யோ கிடையாது. லிமாவில் 1971-இல் தொடங்கிய உலக உருளைக்கிழங்கு மையம் ஆயிரக்கணக்கான கிழங்கு வகைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒரு ராத்திரியின் குளிரை எந்த மையத்தில் எடுத்துவைப்பது? நீங்கள் ஒதுக்கிய கிண்ணத்தை நினைத்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

அந்த டப்பாவில் இன்னும் பதினோரு உருண்டை இருக்கிறது. நேற்று எண்ணினேன். தட்டினால் மரக்கட்டைச் சத்தம், பூச்சி இல்லை, வாடை இல்லை. ஊருக்கு வரும்போது மனைவியையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், அந்தச் சால்வையையும் எடுத்துவரச் சொல்லுங்கள், பார்க்கிறேன். ஆனால் முதல் நாளே போன் செய்துவிடுங்கள். சுன்யோ ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வேண்டும்.