லாக்கரில் வைத்த தங்க நாணயத்துக்கு வங்கி பொறுப்பேற்குமா?

கேள்வி: கையில் பணம் மிஞ்சும்போதெல்லாம் ஒன்றிரண்டாகத் தங்க நாணயங்கள் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். என் தாயார் விட்டுச்சென்ற பழைய நாணயங்கள் சிலவும் உண்டு. எல்லாம் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. அடுத்த தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. வங்கி லாக்கர் எடுக்கலாம் என்றால், "அரசாங்கம் நினைத்தால் ஒரே நாளில் எல்லா லாக்கரையும் திறந்து எடுத்துக்கொள்ளும்" என்கிறான் தம்பி. கணவர் காலமாகிவிட்டார். இப்படி ஒரு சேமிப்பு இருப்பதே பிள்ளைகள் இருவருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். லாக்கரில் வைத்தது தொலைந்தால் வங்கி ஈடு கொடுத்துவிடும் அல்லவா? எந்த அளவுப் பெட்டி எடுப்பது நல்லது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

சகோதரி, லாக்கர் எடுங்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. வீட்டு அலமாரியின் பூட்டு ஒரு திருடனை ஐந்து நிமிடம்கூடத் தடுக்காது. அதைவிட, வீட்டில் தங்கம் இருப்பது வெளியே தெரிந்துவிட்டால் ஆபத்து தங்கத்தோடு நிற்காது. தனியாக இருக்கும் உங்களுக்கே வந்து சேரும். எனக்குக் கவலை தருபவை உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தான். வங்கி ஈடு கொடுத்துவிடும் என்று நம்புகிறீர்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்றும் நினைக்கிறீர்கள். இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளாமல் லாக்கர் எடுத்தால், திருடனிடமிருந்து தப்பிய நாணயங்கள் வேறு வழியில் உங்கள் குடும்பத்தை விட்டுப் போய்விடக்கூடும்.

முதலில் ஈடு பற்றி. நீங்கள் வங்கிக் கணக்கில் பணம் போடும்போது அது வங்கியின் பொறுப்புக்குள் போகிறது. எவ்வளவு போட்டீர்கள் என்பது வங்கிக்குத் தெரியும், அதற்கு அது கணக்குச் சொல்ல வேண்டும். லாக்கரில் அப்படி இல்லை. அங்கே நீங்கள் வாடகைக்கு எடுப்பது ஒரு காலியிடத்தை. அதற்குள் என்ன வைக்கிறீர்கள் என்று வங்கி பார்ப்பதில்லை, கேட்பதில்லை, எழுதி வைப்பதும் இல்லை. கதவு, சுவர், காவல், வருகைப் பதிவேடு ஆகியவற்றைச் சரியாகப் பார்த்துக்கொள்வதோடு அதன் கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வைப்புத்தொகைக்கு இருக்கும் அரசுக் காப்பீடும் இங்கே வராது. அமெரிக்காவில் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் மத்திய வைப்புக் காப்பீட்டுக் கழகம், லாக்கரில் உள்ள பொருள்களுக்குத் தன் காப்பீடு பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

சட்டம் வாடிக்கையாளர் பக்கம் ஓரளவு சாய்ந்திருக்கும் இடங்களிலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. லாக்கரை வாடகைக்கு விட்டுவிட்டு வங்கிகள் கையைக் கழுவ முடியாது என்று 2021 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தீ, திருட்டு, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. நிலநடுக்கம், வெள்ளம், மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்தால் நேரும் இழப்புக்குப் பொறுப்பில்லை. ஆனாலும், தன் வளாகத்தை அவற்றிலிருந்து காக்க வங்கி உரிய அக்கறை காட்டியிருக்க வேண்டும். இங்கே ஈட்டின் உச்சவரம்பை முடிவுசெய்வது வாடகை. உள்ளே இருக்கும் தங்கத்தின் மதிப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. தங்கத்தின் விலை ஏற ஏற, உங்கள் இழப்புக்கும் கிடைக்கக்கூடிய ஈட்டுக்கும் உள்ள இடைவெளி அகன்றுகொண்டே போகும்.

எனவே காப்பீட்டை நீங்கள்தான் எடுக்க வேண்டும். வீட்டுக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். நகைக்கு ஒரு வரம்பு, நாணயத்துக்கும் தங்கக் கட்டிக்கும் அதைவிடக் குறைந்த வரம்பு என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கிய வீட்டுக் காப்பீட்டுப் படிவத்தில் பணம், நாணயம், தங்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நெடுங்காலம் 200 டாலர்தான் வரம்பாக இருந்தது. காப்பீட்டு நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள்: "வங்கி லாக்கரில் இருக்கும் தங்க நாணயங்களுக்கு, வெள்ளச் சேதமும் சேர்த்து, முழு மதிப்புக்குக் காப்பீடு உண்டா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். லாக்கரில் இருக்கும் பொருளுக்குத் தனிக் காப்பீடு எடுப்பது, வீட்டில் வைத்திருக்கும் அதே பொருளுக்கு எடுப்பதைவிட மலிவாக இருப்பதும் உண்டு. விசாரிப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

காப்பீடு எடுத்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? வங்கிக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டுமே தெரியும். உங்கள் வாய்ச்சொல்லை யாரும் தொகையாக மாற்றித் தரமாட்டார்கள். லாக்கரில் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு நாணயத்தையும் இரு பக்கமும் படம் எடுங்கள். எடை, தூய்மை, எந்த நாட்டு நாணயம், எந்த ஆண்டு, எப்போது வாங்கியது என்று பட்டியல் எழுதுங்கள். வாங்கிய ரசீதுகளைத் தேடி எடுத்துச் சேருங்கள். பின்னாளில் விற்கும்போது வரிக் கணக்குக்கும் அவை தேவைப்படும். பட்டியலும் ரசீதும் லாக்கருக்குள் இருக்கக் கூடாது. லாக்கரோடு சேர்ந்து அவையும் போய்விட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். அம்மாவின் பழைய நாணயங்களுக்கு ரசீது இருக்காது. அவற்றை மட்டும் தகுதியான ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டி எழுத்தில் மதிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில் சிலவற்றுக்குத் தங்க எடையைவிடக் கூடுதல் மதிப்பு இருக்கக்கூடும். தயவுசெய்து அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பழைய நாணயத்தைத் துலக்கினால் சேகரிப்பாளர் தரும் மதிப்பு அப்போதே சரிந்துவிடும்.

உங்கள் தம்பி சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, ஆனால் அது பாதிதான் உண்மை. 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 6102 எண்ணுள்ள ஆணை, மக்கள் தங்கள் தங்க நாணயங்களை வங்கியில் ஒப்படைத்து அவுன்ஸுக்கு 20.67 டாலர் பெற்றுக்கொள்ளச் சொன்னது. ஒருவர் 100 டாலர் மதிப்புள்ள தங்க நாணயம் வைத்துக்கொள்ளலாம். அரிய நாணயங்களுக்கு விலக்கும் இருந்தது. எல்லா லாக்கர்களுக்கும் முத்திரை வைத்து அதிகாரிகள் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று அந்த ஆணை சொன்னதாக இன்றும் ஒரு வாசகம் உலவுகிறது. ஆணையில் அப்படி ஒரு வரி இல்லை. தனிப்பட்ட வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்டால் லாக்கர் திறக்கப்படும். உங்கள் வீட்டையும் அதேபோன்ற உத்தரவைக் கொண்டு சோதனையிட முடியும். அந்த அச்சத்தால் நாணயங்களை வீட்டில் வைத்திருப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் தம்பியின் பக்கம் நின்று சொல்வேன்: நெருக்கடியில் வங்கியே மூடிக்கிடந்தால் லாக்கரும் மூடியேதான் கிடக்கும். 2015 ஜூன் இறுதியில் கிரீஸ் நாட்டில் வங்கிகள் மூன்று வாரம் திறக்கவில்லை. எனவே அவசரச் செலவுக்கான பணத்தை லாக்கரில் வைக்காதீர்கள். நாணயங்கள் உங்களுக்கு நீண்டகாலச் சேமிப்பு. மூன்று வாரக் காத்திருப்பால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

வங்கி அல்லாத தனியார் பெட்டக நிறுவனங்களும் இருக்கின்றன. விடுமுறை நாளிலும் திறப்பார்கள் என்பது அவற்றின் வசதி. 2015 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையில், லண்டன் ஹாட்டன் கார்டனில் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் கான்கிரீட் சுவரைத் துளைத்து 70க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொள்ளையடித்தார்கள். எச்சரிக்கை மணி ஒலித்தும் போலீஸ் வரவில்லை. வங்கிகளிலும் கொள்ளை நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வங்கிக்கு மேலே கண்காணிக்கும் ஓர் அமைப்பாவது இருக்கும். புகார் கொடுக்க ஒரு வாசல் இருக்கும். உங்கள் நிலையில் நான் வங்கியையே தேர்ந்தெடுப்பேன்.

பெட்டியின் அளவா? இருப்பதிலேயே சிறியது போதும். தங்கம் மிக அடர்த்தியான உலோகம், ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஒரு கிலோ தங்கம் 52 மில்லி லிட்டர் இடத்துக்குள் அடங்கிவிடும். பெரிய பெட்டி எடுக்கச் சொல்லி வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். நாணயங்களை எப்படி வைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 22 காரட் நாணயத்தில் செம்பு கலந்திருக்கும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்டும் பிரிட்டனின் சாவரினும் அப்படிப்பட்டவை. மெல்லிய பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலம் கசியவிட்டு அந்தச் செம்பைப் பாதிக்கும். கனடாவின் மேப்பிள் லீஃப் போன்ற 99.99 சதவீதத் தங்கத்துக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் அது மென்மையானது, ஒன்றோடொன்று உரசினாலே கீறல் விழும். நாணயங்களுக்கென்றே விற்கும் அக்ரிலிக் கூடுகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, எல்லாவற்றையும் நீர் புகாத ஒரு டப்பாவில் வையுங்கள். பாதாள அறைக்குள் வெள்ளம் புகுந்தால் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. கூட வைத்திருக்கும் சான்றிதழ்கள் கூழாகிவிடும்.

இனி பிள்ளைகள். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. உழைத்துச் சேர்த்தது, இன்றே தெரிந்துவிட்டால் யாராவது கேட்பார்களோ, இருவருக்குள் மனத்தாங்கல் வருமோ என்ற பயம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒருவருக்கும் தெரியாத லாக்கர் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் வாடகை நின்றுபோகும். வங்கி உங்கள் முகவரிக்குக் கடிதம் அனுப்பும். அதைப் பிரித்துப் படிக்க யாரும் இருக்கமாட்டார்கள். சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாட்சிகள் முன்னிலையில் லாக்கரை உடைத்துத் திறப்பார்கள். இந்தியாவில் தொடர்ந்து மூன்று ஆண்டு வாடகை கட்டாவிட்டால் வங்கி அப்படிச் செய்யலாம். வாடகை ஒழுங்காகக் கட்டப்பட்டுக்கொண்டே இருந்தாலும், ஏழு ஆண்டுகள் யாரும் திறக்காமல், வாடகைக்கு எடுத்தவரைக் கண்டுபிடிக்கவும் முடியாவிட்டால், உள்ளே இருப்பதை நாமினியிடமோ வாரிசிடமோ ஒப்படைக்கும் நடவடிக்கையில் வங்கி இறங்கலாம். அமெரிக்க மாநிலங்களில் உரிமை கோரப்படாத லாக்கர்ப் பொருள்கள் மாநில அரசிடம் போய்ச் சேர்ந்து, பிறகு ஏலத்துக்கும் வந்துவிடும். சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆனால் யாருக்கும் தெரியாமல் வைத்தால், உங்கள் தாயாரின் நாணயங்களை உங்கள் பேரப்பிள்ளைகள் கடைசிவரை பார்க்கமாட்டார்கள் என்பது எங்கும் பொருந்தும்.

லாக்கர் இருக்கிறது என்று தெரிவிப்பதும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவிப்பதும் வேறு வேறு. முதலாவதைக் கட்டாயம் செய்யுங்கள்; இரண்டாவது உங்கள் விருப்பம். "இந்த வங்கியில், இந்தக் கிளையில் என் பெயரில் ஒரு லாக்கர் இருக்கிறது, சாவி இன்ன இடத்தில்" என்று ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, உங்கள் உயிலைப் பார்த்துக்கொள்ளும் வழக்கறிஞரிடமோ நீங்கள் முழுமையாக நம்பும் ஒருவரிடமோ கொடுத்துவையுங்கள். நாமினியை நியமிக்க வழி இருந்தால் அன்றே நியமியுங்கள். நாமினி என்பவர் பெரும்பாலும் பெற்றுக்கொள்ள வேண்டியவர் மட்டுமே, எல்லாவற்றுக்கும் உரிமையாளராகிவிடுவதில்லை. யாருக்கு எவ்வளவு என்பதை உயிலில்தான் எழுத வேண்டும். அந்த உயிலின் ஒரே பிரதியை லாக்கருக்குள் பூட்டிவிடாதீர்கள். உயிலைக் காட்டினால்தான் லாக்கர் திறக்கும், லாக்கர் திறந்தால்தான் உயில் கிடைக்கும் என்று குடும்பங்கள் மாதக்கணக்கில் அலைந்திருக்கின்றன.

பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டாகச் சேர்க்கலாமா என்றும் நீங்கள் யோசிக்கக்கூடும். சேர்த்தால் உங்களுக்கு உடல்நலம் குன்றும்போது அவரால் போய்த் திறக்க முடியும். அதே காரணத்தால், உங்களைக் கேட்காமலும் அவரால் திறக்க முடியும். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட வழி உண்டா என்று கேளுங்கள். ஒரு பிள்ளையைச் சேர்த்து மற்றவருக்கு மறைப்பது மட்டும் வேண்டாம். நீங்கள் அஞ்சும் மனத்தாங்கலை அதுவே கொண்டுவந்துவிடும்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. லாக்கருக்கு இரண்டு சாவிகள் போட்டால்தான் திறக்கும். ஒன்று வங்கியிடம், மற்றது உங்களிடம். உங்கள் சாவிக்கு வங்கியிடம் நகல் இருக்காது. தொலைத்தால் பூட்டைத் துளைத்துத் திறந்து, செலவை உங்கள் தலையில் கட்டுவார்கள். சாவியில் லாக்கர் எண்ணையோ வங்கியின் பெயரையோ எழுதி வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய்த் திறந்து, பட்டியலோடு சரிபார்த்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு வாருங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அதை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்கக் கேளுங்கள். ஈட்டின் வரம்பு, வாடகை நின்றால் எத்தனை காலத்துக்குப் பின் உடைப்பார்கள், வாடகைதாரர் இறந்தால் என்ன நடைமுறை ஆகிய மூன்றும் அதில் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று மேலாளரைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினாலோ, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதியைத் தர மறுத்தாலோ, வேறு வங்கிக்குப் போய்விடுங்கள்.