கடலோரத்தில் கிரேன்: கேள்வி – பதில்

பாரம் தூக்கும் இயந்திரங்கள் பற்றி இராமநாதபுரம் கடலோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் தொழில்நுட்பக் குழு பதில் சொல்கிறது.

தடைக்காலத்தில் படகைக் கரையேற்ற இரண்டு கிரேன் பேசியிருக்கிறோம். படகு 12 டன். ஆளுக்கு 6 டன்தான் வரும், 8 டன் கிரேன் இரண்டு தாராளம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
– விசைப்படகு உரிமையாளர், மண்டபம்

நம்பாதீர்கள். எடை சரிபாதியாகப் பிரிய வேண்டுமானால் படகின் எடை மையம் அதைத் தாங்கும் இரண்டு தூக்குப் பெல்ட்டுக்கும் நட்டநடுவில் இருக்க வேண்டும். எஞ்சினும் டீசல் டேங்கும் எந்தப் பக்கமோ, பாரமும் அந்தப் பக்கம்தான். பெல்ட்டுகளுக்கு இடையே 9 மீட்டர், எடை மையம் பின் பெல்ட்டிலிருந்து 3 மீட்டர் என்று வையுங்கள். பின் கிரேன் 8 டன் சுமக்கும், முன் கிரேன் 4 டன். பின்னால் நிற்பவருக்குக் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

இரண்டு கிரேன் சேர்ந்து தூக்கும்போது ஒவ்வொன்றும் தன் திறனில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை விதி. ஒன்று கொஞ்சம் முந்தினாலும் மற்றதன் மேல் பாரம் சாயும் என்பதால்தான் இந்த மிச்சம். ஆகவே பின் கிரேனுக்கு, அது நிற்கப்போகும் தூரத்தில், ஏறத்தாழ 10.7 டன் திறன் வேண்டும். ‘அது நிற்கப்போகும் தூரத்தில்’ என்பதை ஏஜென்ட்டிடம் அழுத்திச் சொல்லுங்கள். ‘8 டன் கிரேன்’ என்றால் பூமை (கிரேனின் நீண்ட கையை) கிட்டத்தில் நிமிர்த்தி வைத்தால் 8 டன் என்று அர்த்தம்; கொக்கி தள்ளிப் போகப் போகத் திறன் சரசரவென்று இறங்கும். கேபினில் இருக்கும் லோட் சார்ட்டை (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணையை) காட்டச் சொல்லிவிட்டு வாடகை பேசுங்கள்.

12 டன் என்ற கணக்கையும் சரிபாருங்கள். அடித்தளத்தில் தேங்கிய நீர் 1,000 லிட்டர் இருந்தால் அதுவே 1 டன். டீசல் 1,000 லிட்டர் ஏறக்குறைய 850 கிலோ. பனிக்கட்டி, ஈர வலை, நங்கூரம் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் தூக்குங்கள். முதலில் 10 செ.மீ. மட்டும் தூக்கி நிறுத்தி, பெல்ட் நழுவுகிறதா, கிரேனின் பின்சக்கரம் லேசாகிறதா, பிரேக் பிடித்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும்.

பெல்ட்டில் சாயம் வெளுத்துவிட்டது, திறன் எழுதிய சீட்டும் கிழிந்துவிட்டது. ஆனால் பெல்ட்டில் கிழிசல் இல்லை. ஓட்டலாமா?
– படகுப் பட்டறை, தேவிபட்டினம்

கூடாது. வெயில் பாலியெஸ்டரைக் கிழிக்காமலே பலவீனப்படுத்தும். தொட்டால் மொரமொரப்பாக இருக்கும். சீட்டு இல்லாத பெல்ட்டின் திறன் யாருக்கும் தெரியாது. நிறத்தைக் கொண்டு அறியலாம் (பச்சை 2 டன், மஞ்சள் 3, சிவப்பு 5), அதுவும் வெளுத்துவிட்டால் என்ன செய்வது? சுருக்குப் போட்டு மாட்டினால் இந்தத் திறனில் 80 சதவீதம்தான் கிடைக்கும்.

கோணமும் முக்கியம். 4 டன் பாரத்தை இரண்டு கால் பெல்ட்டில் தூக்கும்போது பெல்ட் தரைமட்டத்துக்கு 60 டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு காலில் 2.3 டன், 45 டிகிரியில் 2.8 டன், 30 டிகிரியில் 4 டன். 30 டிகிரியில் ஒரு காலே முழுப் பாரத்தையும் வாங்குகிறது. படகுக்கு நேரே பெல்ட் போடாமல், மேலே ஒரு ஸ்ப்ரெடர் பீம் (பெல்ட்டுகளை அகலமாக விலக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம்) வைத்தால் கோணமும் தப்பும், பலகையும் நசுங்காது.

மணலில் டிரக் கிரேனின் ஜாக்கி (பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால்) புதைகிறது. பனங்கட்டை போட்டுச் சமாளிக்கிறோம். சரிதானா?
– கிரேன் ஆபரேட்டர், ஏர்வாடி

உருண்டைக் கட்டையா? அது உருளும். அறுத்த கட்டைகளை அடுக்கி, மேலே குறுக்கு அடுக்கு வைத்து, எல்லாவற்றையும் போல்ட் போட்டு இறுக்கினால் சரி. எவ்வளவு அகலம் என்பதைக் கணக்கு சொல்லும்.

20 டன் எடையுள்ள கிரேன் 5 டன் தூக்குகிறது. மொத்தம் 25 டன். பூம் ஒரு ஜாக்கிக்கு நேரே வரும்போது இதில் முக்கால்வாசி, அதாவது சுமார் 19 டன், அந்த ஒன்றின் மேலேயே இறங்கலாம். ஜாக்கித் தட்டு 30 செ.மீ. சதுரம் என்றால் சதுர மீட்டருக்கு 210 டன் அழுத்தம். தளர்ந்த உலர்மணல் பாதுகாப்பாகத் தாங்குவது சதுர மீட்டருக்கு 10 டன் அளவுதான். எனவே கீழே 1.5 மீட்டர் சதுர மேடை போட்டால்தான் 8.4 டன்னுக்கு வரும். நிலத்தடி நீர் மேடைக்குக் கிட்ட இருந்தால் மணலின் தாங்குதிறன் பாதியாகிவிடும். நம் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், அந்த நீர்மட்டம் மணலுக்குள்ளும் ஏறும். நீரோரத்தில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். ஈரம் ஊறினால் இடத்தை மாற்றுங்கள், அல்லது மேடையின் பரப்பை இரட்டியுங்கள். மெல்லிய இரும்புத் தகடு மட்டும் போட்டால் அது நடுவில் வளைந்து, பழையபடி தட்டளவு மணல்தான் பாரம் வாங்கும்.

ஜாக்கி முழுவதும் வெளியே நீட்டியிருக்க வேண்டும், டயர் தரையைத் தொடக் கூடாது. மட்டம் 1 சதவீதச் சாய்வுக்குள் இருக்கட்டும்.

கிரேனின் வயர் ரோப்பில் (இரும்புக் கம்பிக் கயிற்றில்) கிரீஸ் பளபளவென்று இருக்கிறது. ஆனாலும் ஆய்வாளர் மாற்றச் சொல்கிறார். ஏன்?
– ஐஸ் பேக்டரி மேற்பார்வையாளர், பாம்பன்

கிரீஸ் மேலே மட்டும் இருப்பதால்தான். தடித்த கிரீஸ் உள்ளே இறங்காது. பூசுவதற்கு முன்பே உள்ளே போன உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே அடைபட்டு, வெளியே தெரியாமல் நடுத்தண்டைத் துரு தின்றுகொண்டிருக்கும். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே பாலிசிலாக்சேன் என்ற துருத் தடுப்புப் பூச்சு தேவைப்பட்ட காற்று இது.

பாரத்தை இறக்கி, ரோப்பைத் தளர்த்தித் தரையில் போடுங்கள். இரண்டு கிளாம்ப் மாட்டி முறுக்குக்கு எதிராகத் திருகினால் இழைகள் விரியும். உள்ளே சிவப்புப் பொடி உதிர்ந்தால் ரோப்பின் காலம் முடிந்தது. அடுத்து வெர்னியர் அளவுகோலால் விட்டம் பாருங்கள். இழையின் முகட்டுக்கு முகடு பிடிக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. 12 மி.மீ. ரோப் 11.4-க்குக் கீழே வந்தால் 5 சதவீதம் தேய்ந்துவிட்டது, கழற்றுங்கள். புல்லியில் ஏறி இறங்கும் பகுதியிலும் டிரம் முனையிலும் அளப்பது முக்கியம்.

பிறகு அறுந்த கம்பிகள். ஓர் இழை ரோப்பை ஒரு முழுச் சுற்று சுற்ற எடுக்கும் நீளத்தில் (12 மி.மீ. ரோப்பில் சுமார் 75–80 மி.மீ.) மொத்தம் 6 கம்பி, அல்லது ஒரே இழையில் 3 கம்பி அறுந்திருந்தால் மாற்ற வேண்டும். வெறுங்கையால் தடவாதீர்கள், கையுறை போட்டுப் பருத்தித் துணியை ஓட்டினால் நூல் சிக்கும் இடத்தில் அறுந்த கம்பி இருக்கும். மடிந்து கூனியதும் இழை பிரிந்து உப்பியதும் எண்ணிக்கை பார்க்காமலே கழிவு.

பராமரிப்புக்கு நல்ல தண்ணீரால் கழுவி, கம்பிப் பிரஷ்ஷால் பழைய கிரீஸை எடுத்து, முழுதாக உலர்த்தி, ரோப்புக்கென்று வரும் மெல்லிய எண்ணெயைப் புல்லிக்கு மேல் வளையும் இடத்தில் ஊற்றுங்கள். அங்கேதான் இழை விரிந்து எண்ணெயை உள்ளிழுக்கும். பிரஷர் வாஷர் வேண்டாம், நீரை உள்ளே தள்ளிவிடும். வண்டியில் இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம். அதில் அமிலமும் இரும்புத் தூளும் இருக்கும்.

வயர் ரோப்பின் முனையை மடித்துப் பிடிக்கும் யு கிளிப்பை எந்தப் பக்கம் மாட்டுவது?
– மெக்கானிக், தொண்டி

யு போல்ட் வெட்டுமுனை (பாரம் வாங்காத மடித்த முனை) மேல், அடித்தகடு பாரம் தாங்கும் கயிற்றின் மேல். மாற்றி மாட்டினால் யு போல்ட் பாரக் கயிற்றை நசுக்கும். 12 மி.மீ. ரோப்புக்கு குறைந்தது 3 கிளிப், இடைவெளி சுமார் 75 மி.மீ. முதல் பாரம் தூக்கிய பின் ரோப் மெலியும், நட்டை மறுபடி இறுக்குங்கள்.

ஹைட்ராவில் (பாரத்தைத் தூக்கியபடி ஓடும் கிரேனில்) பாரத்தோடு நகரும்போது ஹெல்பர் முன்னால் நடந்து பாரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார். வேறு வழி?
– கட்டட ஒப்பந்ததாரர், உச்சிப்புளி

பூமும் பாரமும் ஆபரேட்டரின் கண்ணை மறைக்கும். முன்னால் நடப்பவர் தடுமாறினால் வண்டி நிற்கும்முன் சக்கரம் வந்துவிடும். பாரத்தின் இரு முனையிலும் வழிக்கயிறு கட்டி, பக்கவாட்டில், வண்டியிலிருந்து விலகி நடக்கச் சொல்லுங்கள். பாரம் தரையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். வண்டி இடுப்பில் மடியும் வகை என்றால் திரும்பும்போது தூக்குதிறன் குறையும். நேரே நின்று தூக்கிய பாரத்தோடு வளைவில் கவிழ்வது இதனால்தான்.

11 கே.வி. மின்சார லைனுக்கு அருகே எவ்வளவு தூரம்?
– கீழக்கரை

பூம், ரோப், பாரம் எதுவும் 3 மீட்டருக்குள் வரவே கூடாது. முடிந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்துங்கள். பூம் பட்டுவிட்டால் ஆபரேட்டர் கேபினிலேயே இருக்க வேண்டும், சுற்றி நிற்பவர்கள் வண்டியைத் தொடக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும் வண்டியையும் மண்ணையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே விலக வேண்டும்.

செயின் பிளாக்கில் (கையால் சங்கிலி இழுத்துத் தூக்கும் கருவியில்) பாரம் மெல்ல இறங்குகிறது. முழுக்க எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.
– தொண்டி

எண்ணெய்தான் காரணமாக இருக்கும். உள்ளே உராய்வால் பிடிக்கும் பிரேக் தட்டு காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் சங்கிலிக்கு மட்டும். பிரித்து, தட்டுகளைத் துடைத்து, எண்ணெய் ஊறியிருந்தால் புதிது போடுங்கள். பற்சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் நாக்கின் (pawl) ஸ்பிரிங் துருப்பிடித்து உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சங்கிலியில் குறிப்பிட்ட கண்ணிகளின் நீளம் புதிதில் 300 மி.மீ. இருந்து இப்போது 307.5-ஐத் தாண்டினால் சங்கிலியையும் மாற்றுங்கள்.