பெயரில் என்ன இருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அலுவலகத்தில் தூத்துக்குடிக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பெயர் பர்னாந்து என்று முடிகிறது, இன்னொருவருக்கு மச்சாது. இவர்கள் போர்ச்சுகீசிய வம்சாவளியா?
– வாசகி, ஈரோடு

பதில்: இல்லைங்க, அவர்கள் பெரும்பாலும் பரதவர்களாக இருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த தமிழர்கள். 1530களில் முத்துக்குளிப்பு யார் கையில் இருப்பது என்ற சண்டை முற்றிப்போய், இவர்களுடைய தலைவர்கள் கொச்சி வரை போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். அது கிடைத்தது, கூடவே ஞானஸ்நானமும் வந்தது. ஊர் ஊராகக் கொடுத்த ஞானஸ்நானத்தோடு வந்து ஒட்டிக்கொண்டவைதான் பர்னாந்து, கோமஸ், வாஸ், ரொட்ரிகோ எல்லாம். 1542இல் சவேரியார் வந்து இறங்கும் முன்பே இது தொடங்கிவிட்டது. தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பார்த்து "நீங்க ஆங்கிலோ இந்தியனா?" என்று யாராவது கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும், கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷமாக இங்கேயே புழங்கும் பெயர் அது.

கேள்வி: என் தாத்தா ராயப்பன், அவர் தம்பி சின்னப்பன். இவை கிறிஸ்தவப் பெயர்கள் என்றால் நண்பர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பழைய கத்தோலிக்கத் தமிழில் பேதுருவுக்கு இராயப்பர், பவுலுக்குச் சின்னப்பர், யோவானுக்கு அருளப்பர் என்று பெயர். யோசேப்புதான் சூசையப்பர். பேதுரு, பவுல் இருவருக்கும் திருநாள் ஒரே நாளில், ஜூன் 29ஆம் தேதி வருகிறது, அதனால் உங்கள் கொள்ளுத்தாத்தா அண்ணன் தம்பிக்கு ஜோடி பார்த்தே வைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சவேரியார் பெயரில் சவரிமுத்து, வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா பெயரில் ஆரோக்கியசாமி, இப்படி நிறைய உண்டு. சின்னப்பன் மட்டும் இந்துக் குடும்பங்களிலும் சகஜம், பெயரை மட்டும் வைத்து மதத்தைச் சொல்லிவிட முடியாது. இவ்வளவு அழகான பெயர்களை விட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு பீட்டர், பால் என்று வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் வீட்டில் அடுத்த குழந்தைக்கு அருளப்பனை யோசித்துப் பாருங்களேன்.

கேள்வி: மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். சர்நேம் என்ற கட்டத்தில் சாதிப் பெயரைப் போடச் சொல்கிறார் மாமனார். போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டவே வேண்டாம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டு, எத்தனையோ பேர் அதை உதறினார்கள். அதைத் திரும்ப எடுத்து ஒரு குழந்தையின் தலையில் வைக்கக் கூடாது. அப்பா பெயரைப் போடுங்கள். சங்கப் புலவர் ஒருவரை 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்கிறோம், ஊர், அப்பா, அப்புறம்தான் அவர் பெயர். நம் இனிஷியலும் அந்த வழிதான். அவ்வளவு ஏன், பெர்னாண்டஸ் என்ற குடும்பப் பெயரே ஆதியில் பெர்னாண்டோவின் மகன் என்பதுதான்.

மாமனாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். கட்டத்தைக் காலியாக விட்டாலும் நம் பாஸ்போர்ட் கிடைக்கும், ஆனால் ஒற்றைச் சொல் பெயரோடு விசிட் விசாவில் போகிறவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது, அதனால் நிரப்பிவிடுவதே நல்லது. இனிஷியலை ஒற்றை எழுத்தாக விடாமல் விரித்து எழுதுங்கள், ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் அதே ஸ்பெல்லிங் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.