வாசகர் கேள்விகள்: வண்டலூரில் சிங்கங்கள் ஏன் குறைந்தன?

விடுமுறையில் உயிரியல் பூங்காக்களுக்குச் சென்று வந்த வாசகர்கள் சிலர், முன்பு பார்த்த விலங்குகளை இப்போது காணோமே என்று எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறோம்.

கேள்வி: சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே இருந்த ‘உயிர் காலேஜை’ப் பற்றி என் தந்தையார் அடிக்கடி சொல்வார். கூண்டுகள் வரிசையாக இருக்குமாம். எல்லா விலங்குகளையும் அருகில் நின்று பார்த்துவிடலாமாம். வண்டலூரில் நாள் முழுக்க நடந்தும் பாதி விலங்குகள் கண்ணில் படவில்லை. இதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது? — ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் தந்தையார் பார்த்த காட்சியகத்தின் வேர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தலைவராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், 1855இல் அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் காட்சிக்கு வைத்தார். கர்நாடக (ஆற்காட்டு) நவாபும் தம்மிடம் இருந்த விலங்குகளைக் கொடுத்து உதவினார். கூட்டம் பெருகியதால் 1860களின் தொடக்கத்தில் அவை சென்ட்ரல் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டன. பதப்படுத்திய உடல்கள் இருந்த அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ என்றும், மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த இது ‘உயிர் காலேஜ்’ என்றும் சென்னைவாசிகளின் வாயில் நிலைத்துவிட்டன. நகரம் நாலாபுறமும் நெருக்கியதால் விலங்குகளுக்கு இடம் போதாமல் போயிற்று. வண்டலூர்க் காப்புக்காட்டில் அமைந்த புதிய பூங்காவை 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார்.

அங்கே பெரிய விலங்குகளுக்கும் நமக்கும் நடுவில் இரும்புக் கம்பிக்குப் பதிலாக அகழி இருக்கிறது. அகழிக்கு அப்பால் மரம், புதர், பாறை, தண்ணீர் எல்லாம் உண்டு. வெயில் ஏறினால் நிழலுக்குள் போய்விடும் உரிமையும் விலங்குக்கு உண்டு. சிங்கம் இயல்பிலேயே ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை ஓய்வெடுக்கும் விலங்கு. கம்பிக்கூண்டில் அது ஓயாமல் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்ததைச் சுறுசுறுப்பு என்று நினைத்து நாம் ரசித்தோம். அது அடைபட்ட விலங்குக்கு வரும் மனநோயின் அறிகுறி. ஆகவே முன்னேற்றம் என்றுதான் சொல்வேன். முதியவர்களுக்கு நடை கடினம் என்பது உண்மை. அவர்களுக்குப் பேட்டரி வண்டிகள் இருக்கின்றன. காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். நண்பகலில் போய்விட்டு விலங்கைக் காணோம் என்று குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன் வண்டலூரில் சிங்கங்கள் நிறைய இருந்ததாக நினைவு. இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது. கொரோனாவில் இறந்ததுதான் காரணமா? — ஒரு வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: கொரோனா ஒரு காரணம்; முக்கியக் காரணம் அன்று. 2021 மே மாத இறுதியில் அங்குள்ள சிங்கங்கள் இருமவும் உணவை மறுக்கவும் தொடங்கின. மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று இருப்பது உறுதியாயிற்று. ஜூன் 3ஆம் நாள் நீலா என்ற பெண் சிங்கமும், ஜூன் 16ஆம் நாள் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன.

நீங்கள் அன்று பார்த்த பெருங்கூட்டம் வேறு வழியில் வந்தது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 1998இல் அறிவித்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2001இல் அத்தடையை உறுதி செய்தது. அப்படி விடுவிக்கப்பட்ட விலங்குகளை ஏற்க நாட்டில் சில இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைக்கப்பட்டன. வண்டலூர் அவற்றுள் ஒன்று. இதற்காகவே 2001இல் ஏறத்தாழ 92 ஹெக்டேர் காப்புக்காடு பூங்காவுடன் சேர்க்கப்பட்டு, மொத்தப் பரப்பு 602 ஹெக்டேர் ஆயிற்று.

சர்க்கஸ் சிங்கங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கச் சிங்கமும் ஆசியச் சிங்கமும் கலந்து பிறந்தவை. ஆசியச் சிங்கம் இயற்கையில் குஜராத்தின் கிர் காட்டையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதன் வம்சத்தில் கலப்பு ஏறிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியே கிடையாது. பஞ்சாபின் சத்பீர் காட்சியகத்தில் 1980களில் இப்படித்தான் இரு இனங்களும் கலந்து, குட்டிகள் பெருகி, பின்னங்கால் வலுவில்லாத, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய சிங்கங்கள் கூட்டம் கூட்டமாக உருவாயின. அதன் பிறகு கலப்புச் சிங்கங்களை இனம் பெருக்க விடுவதில்லை என்ற முடிவு எடுக்கப்பட்டது. ஆணையும் பெண்ணையும் பிரித்தோ, கருத்தடை செய்தோ, ஆயுள் முழுவதும் உணவும் மருத்துவமும் கொடுத்துக் காப்பார்கள், அவ்வளவுதான். சர்க்கஸிலிருந்து வந்த தலைமுறை முதுமையடைந்து ஒவ்வொன்றாக மறைந்ததே நீங்கள் கண்ட குறைவு. அதை நிருவாகத்தின் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. திட்டமிட்டு முடித்து வைக்கப்பட்ட ஒரு வரிசை அது.

கேள்வி: யானை இல்லாத விலங்குக் காட்சியகமா? குழந்தைகள் முதலில் கேட்பதே அதைத்தானே! — ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: காட்சியகங்களிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளை வனத்துறை முகாம்கள், மறுவாழ்வு மையங்கள் போன்ற இடங்களுக்கு மாற்ற வேண்டும் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009 நவம்பரில் உத்தரவிட்டது. நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து, கூட்டத்தோடு வாழும் விலங்குக்குக் காட்சியகத்தில் எவ்வளவு இடம் கொடுத்தாலும் போதாது என்பதே அதன் அடிப்படை. உத்தரவு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நிறைவேறவில்லை. 1998இல் ஜிம்பாப்வே நாடு குடியரசுத் தலைவராக இருந்த சங்கர் தயாள் சர்மாவுக்குப் பரிசாக அனுப்பிய ஆப்பிரிக்க யானை, சங்கர் என்ற பெயரோடு தில்லிக் காட்சியகத்தில், துணை யானை இறந்த பின் பல ஆண்டுகள் தனியாகவே நின்று, 2025இல் இறந்துபோனது. குழந்தைகளுக்கு யானை காட்ட வேண்டுமானால் முதுமலையின் தெப்பக்காட்டுக்கோ, ஆனைமலையின் கோழிகமுத்திக்கோ அழைத்துச் செல்லுங்கள். அங்கே மாவூத்து எனப்படும் பாகனும், காவடி எனப்படும் அவருடைய உதவியாளரும் ராகியையும் கொள்ளையும் வேகவைத்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, யானையின் வாய்க்குள்ளேயே கையை விட்டு ஊட்டுவதைப் பார்த்த குழந்தை பிறகு கூண்டு யானையைக் கேட்காது.

கேள்வி: வரிக்குதிரை போன்ற வெளிநாட்டு விலங்குகளை விலைக்கு வாங்கிவிடலாமே? பணம் இல்லையா, மனம் இல்லையா? — ஒரு வாசகர், காஞ்சிபுரம்

பதில்: கடையில் வாங்குவது போல வாங்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எந்தக் காட்சியகமும் ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் விலங்கைப் பெறவோ, விற்கவோ, கொடுக்கவோ கூடாது. நடைமுறையில் பண்டமாற்றுதான் நடக்கிறது: எங்களிடம் மிகுதியாக உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இல்லாததைக் கொடுங்கள் என்று இரு பூங்காக்கள் பேசி முடித்து, அனுமதிக்கு விண்ணப்பிக்கின்றன. வருகிற விலங்குக்கு இணை உண்டா, அதன் பெற்றோர் யார், தங்கும் இடம் விதிப்படி இருக்கிறதா என்பதெல்லாம் பார்க்கப்படும்.

அனுமதி வந்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. பயணக்கூண்டைக் கொண்டுவந்து விலங்கின் இரவுக்கூண்டு வாசலில் பொருத்தி, பல நாட்கள் அதற்குள்ளேயே உணவு வைத்துப் பழக்குவார்கள். முதலில் தலையை மட்டும் நீட்டித் தின்னும். பிறகு பாதி உடல் நுழையும். ஒருநாள் முழுதாக உள்ளே போய்ப் படுத்துவிடும். அதன் பிறகே கதவை இறக்குவார்கள். புறப்படும் நாளில் புதிதாகக் கூண்டைக் காட்டி விரட்டினால் விலங்கு முட்டி மோதிக் காயப்பட்டுக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்திலும் உடனே காட்சிக்கு விடாமல், நோய் ஏதும் இல்லை என்று உறுதியாகும் வரை சில வாரங்கள் தனிமையில் வைத்திருப்பார்கள். ‘வந்துவிட்டது’ என்று நாளிதழில் படித்த மறுநாளே போய் ஏமாந்தவர்கள் உண்டு.

கேள்வி: வெள்ளைப்புலிகள் அழியும் நிலையில் உள்ள அரிய இனம். அவற்றை அதிகமாகப் பெருக்கிக் காட்சிக்கு வைத்தால் என்ன? — ஒரு கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: வெள்ளைப்புலி தனி இனமே அன்று. நம் வங்கப்புலியின் தோல் நிறத்தில் ஒரு மரபணு மாற்றம் காட்டும் வேறுபாடு, அவ்வளவே. தாயும் தந்தையும் இருவருமே அந்த மரபணுவைச் சுமந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். 1951இல் ரீவா மகாராஜா மார்த்தாண்ட சிங் பிடித்து வளர்த்த மோகன் என்ற வெள்ளைப்புலியைச் சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது குட்டிகள் எல்லாம் மஞ்சளாகவே பிறந்தன. பிறகு அதன் மகளான ராதாவோடே சேர்த்தார்கள். 1958இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. இன்று நாம் காட்சியகங்களில் பார்க்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அந்த உறவில் கிளைத்தவையே. தலைமுறைதோறும் நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்ததன் விலையை அவை சுமக்கின்றன. மாறுகண் அவற்றில் பரவலாகக் காணப்படும் குறை.

மக்கள் மோகம் எனக்குப் புரிகிறது. வண்டலூரில் ‘அனு’ என்ற வெள்ளைப்புலியை நடிகர் சிவகார்த்திகேயன் 2018இல் தத்தெடுத்து அதன் பராமரிப்புச் செலவை ஏற்றார். இருக்கிற விலங்குக்கு உதவுவது நல்ல செயல். புதிதாகப் பிறப்பிப்பது வேறு விஷயம். ஒரு வெள்ளைக் குட்டிக்காக ஒதுக்கும் இடமும் தீனியும், காட்டுப்புலியின் மரபணு வளத்தைக் காக்கும் பணியிலிருந்து பிடுங்கப்பட்டவை. அமெரிக்க உயிரியல் பூங்காக்கள் சங்கம் தன் உறுப்பினர்கள் நிறத்துக்காக இப்படி இனம் பெருக்கக் கூடாது என்று 2011இலேயே விதித்துவிட்டது.

கேள்வி: வடநெம்மேலி முதலைப் பண்ணையில் முதலைகளைக் குறைத்துவிட்டார்களாமே? — ஒரு வாசகர், திருப்போரூர்

பதில்: ஆம். அழிந்துவரும் முதலைகளைக் காப்பாற்ற ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய அப்பண்ணையில் சதுப்புநில முதலைகள் எதிர்பார்த்ததற்கு மேலாகப் பெருகின. 1990களில், ஆறுகளிலும் ஏரிகளிலும் விட இனி இடமில்லை என்று அரசு நிறுத்திக்கொண்டதால், முட்டைகளைத் தோண்டி எடுத்துவிடும் நிலை வந்தது. ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் காட்சியகத்துக்கு மாற்ற ஆணையம் அனுமதித்தது. அதை எதிர்த்த மனுவை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நெரிசல் குறைந்தது முதலைகளுக்கு நன்மைதான்.

கேள்வி: வண்டலூரில் ஒரு குரங்குக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு? குரங்கை எங்கள் தெருவிலேயே பார்க்கிறோம். — ஒரு வாசகர், திருத்தணி

பதில்: உங்கள் தெருவில் வருவது நாட்டுக்குரங்கு. நீங்கள் பூங்காவில் பார்த்தது, கரிய உடலும் முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் கொண்ட சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. அது அழியாமல் காக்கப் பூங்காவிலேயே இனம் பெருக்கும் பொறுப்பு வண்டலூருக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தேயிலைக்கும் காப்பிக்கும் காடு துண்டு துண்டானதால், மரத்திலிருந்து மரத்துக்கே தாவி வாழ வேண்டிய அது வால்பாறைப் பக்கம் சாலையில் இறங்கி நடக்கிறது, வண்டிகளில் அடிபடுகிறது. நாட்டுக்குரங்கைப் போல ஆண்டுதோறும் குட்டி போடும் விலங்கும் அன்று. பெண்மந்தி முதல் குட்டியை ஈனவே ஆறேழு வயதாகும், அடுத்த குட்டிக்கு மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகையால் அங்கே ஒரு குட்டி கூடினாலும் பதிவேட்டில் அதற்குத் தனி இடம் உண்டு. அடுத்த முறை போகும்போது பொட்டலத்தை மட்டும் நீட்டாதீர்கள். விலங்குக்குத் தீனி போடுவது தண்டனைக்குரிய குற்றம்.