புதுப் பெட்டிக்குள் பாவித்த ரைஸ் குக்கர்

கேள்வி: தீபாவளி அட்வான்ஸ் கிடைத்ததும் டவுனில் ரைஸ் குக்கர் ஒன்று வாங்கினோம். வீட்டில் பெட்டியைத் திறந்தால் உள்சட்டிக்கு அடியில் மண்ணிறக் கறை, ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை. "கம்பனியில் டெஸ்ட் பண்ணியிருப்பாங்க" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
- வாசகி, ஹட்டன்

பதில்: நம்ப வேண்டாம். கம்பனியில் கரண்ட் கொடுத்துச் சோதிப்பார்கள். சோறாக்கிப் பார்த்து அனுப்ப மாட்டார்கள். நீங்கள் கண்டது கஞ்சி வழிந்து சூட்டுத் தட்டில் தீய்ந்த கறை. யாரோ வாங்கிச் சமைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த சாமான் அது. பிளக் கம்பியில் மெல்லிய கீறல் மட்டும் இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சோதனையிலும் அது விழும். பெட்டியில் ஒட்டிய டேப்புக்கு அடியில் அட்டை உரிந்திருக்கிறதா, குக்கரின் அடியிலுள்ள சீரியல் நம்பரும் பெட்டி, வாரன்டி கார்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

திரும்பி வரும் குக்கர்களில் அடிக்கடி காண்பது தட்டின் நடுவே ஸ்பிரிங்கில் நிற்கும் காந்தத் தெர்மோஸ்டாட்டின் கோளாறு. தண்ணீர் வற்றிச் சூடு 100 பாகையைத் தாண்டியதும் காந்தம் விட்டு, சுவிட்ச் 'வார்ம்' பக்கம் விழ வேண்டும். சட்டியின் அடி நசுங்கியிருந்தாலோ இடையில் பருக்கை சிக்கினாலோ சூடு சரியாகப் போய்ச் சேராது, சோறு அடிப்பிடிக்கும். இனி வாங்கும்போது கடையிலேயே அரை அளவுக் கோப்பை, அதாவது சுமார் 90 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் இருக்கும்போதே சுவிட்ச் விழுந்தாலும், வற்றிய பிறகும் விழாவிட்டாலும் அந்தக் குக்கர் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். நல்ல குக்கரிலும் சோறு நறுக்கென்று நிற்கலாம். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்.

இனி அதில் சமைக்காதீர்கள், கறையையும் துடைக்காதீர்கள். கறை, சீரியல் நம்பர், பில் மூன்றையும் படமெடுத்துக்கொண்டு, பெட்டியோடு போய்ப் புதியதை அல்லது பணத்தைக் கேளுங்கள். "கம்பனிக்காரனிடம் கேளுங்க" என்றால் விடாதீர்கள். காசு வாங்கியவர் கடைக்காரர், பொறுப்பும் அவருடையதுதான். திரும்பி வந்ததைச் சொல்லி, விலை குறைத்து விற்றால் குற்றமில்லை. மறைத்துப் புதியதென்று விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி தவறு. கேட்டால் பில் தரவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. கடைக்காரர் மறுத்தால் அந்த அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். எழுத்து மூல முறைப்பாட்டை, விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பில் பிரதியோடு கொடுத்துவிட வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

கேள்வி: போனும் இப்படி மாறி வருமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: வரும். கடையை விட்டு இறங்குமுன் *#06# அடித்து, திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று மட்டும் தெரியும். பாவித்ததா என்று தெரியாது. அதற்கு, கம்பனியின் இணையத்தளத்தில் வாரன்டி தொடங்கிய திகதியைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். நீங்கள் வாங்கிய நாளுக்கு முந்திய திகதி என்றால் போனைக் கையில் எடுக்காதீர்கள்.