காபி கொட்டின லேப்டாப்ப அரிசில வெக்காதீங்க

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்க பெங்களூரு அல்சூர்ல இருக்கோம். பொண்ணு வீட்ல இருந்துதான் வேலை பாக்குறா. போன வாரம் அவ லேப்டாப் மேல அரை டம்ளர் பில்டர் காபி கொட்டிடுச்சு. தொடச்சிட்டு ரெண்டு நாள் அரிசி டிரம்முல வெச்சோம். இப்போ ஆன் ஆகுது, ஆனா கியூ, ஏ, இசட் மூணும் அடிக்கல, ஷிப்ட் தானா அமுங்கின மாதிரியே இருக்கு. பக்கத்து கடையில கழட்டிக்கூட பாக்காம மதர்போர்டு, அதான் உள்ள இருக்கற மெயின் போர்டு, போச்சுன்னு பெரிய தொகை கேக்குறாங்க. உண்மையா?
- வாசகி, அல்சூர்

பதில்: கழட்டிப் பாக்காம அத யாராலயும் சொல்ல முடியாதும்மா, அந்த கடைக்கு பணம் குடுத்துடாதீங்க. ஆனா லேப்டாப்ப இப்பவே ஆப் பண்ணி சார்ஜரையும் எடுத்துடுங்க, ஆன் ஆகுதேன்னு ஓட்டிட்டே இருந்தா இன்னிக்கு நல்லா இருக்கற போர்டு அடுத்த மாசம் போயிடும்.

அரிசி விஷயம் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா எல்லா வீட்லயும் இதத்தான் செய்யறாங்க. அரிசி உள்ள போய் காபிய உறிஞ்சி எடுக்காது. தண்ணி தானா ஆவியாகிடும், பாலும் சர்க்கரையும் உள்ளயே ஒட்டிக்கும், அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துட்டே இருக்கும், அதுல கரன்ட் பாயும்போது செம்பு கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு பச்சையா பூத்துடும். ஆப்ல இருந்தாலும் பேட்டரி மாட்டியிருக்கற வரைக்கும் போர்டுல சில எடத்துல கரன்ட் இருந்துட்டேதான் இருக்கும்.

நீங்க சொல்ற அறிகுறி எனக்கு கீபோர்டு கோளாறு மாதிரிதான் படுது. லேப்டாப் கீபோர்டுக்கு உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட் ரெண்டு மூணு அடுக்கா இருக்கும், அதுல கோடு கோடா சர்க்யூட் அச்சடிச்சிருப்பாங்க. ஒவ்வொரு கீயும் ஒரு குறுக்கு கோடும் ஒரு நெடுக்கு கோடும் சேர்ற எடம். ஒரு கோடு அடிபட்டா அதுல இருக்கற எல்லா கீயும் சேர்ந்து போகும், உங்க கியூ, ஏ, இசட் மாதிரி. ஷீட்டுக்கு நடுவுல காபி போயி ரெண்டு கோடு ஒட்டிக்கிச்சுன்னா ஷிப்ட் அமுங்கின மாதிரி காட்டும். அந்த எடத்த சுத்தம் பண்றது ரொம்ப கஷ்டம், புது கீபோர்டு மாத்தறதுதான் சரி.

நம்ம பெங்களூரு எஸ்.பி. ரோட்ல லேப்டாப் ரிப்பேர் கடை நிறைய இருக்கு, பொண்ணையும் கூட்டிட்டு போங்க, உங்க கண்ணு முன்னாடி கழட்டற ஆள்கிட்ட குடுங்க. மொதல்ல பேட்டரி கனெக்டர கழட்டச் சொல்லுங்க, அப்புறம் போர்டுல கறை, பச்சை பூத்தது ஏதாவது இருக்கான்னு பாத்து, இருந்தா 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (சீக்கிரம் ஆவியாகிடற கிளீனிங் திரவம்) வெச்சு பிரஷ்ல கழுவி நல்லா காய விடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் கீபோர்டு ரிப்பன (கீபோர்ட போர்டோட இணைக்கற பட்டை ஒயர்) மட்டும் எடுத்துட்டு யூஎஸ்பி கீபோர்டு போட்டு ஓட்டிப் பாக்கட்டும். ஷிப்ட் தொல்லை போயி எல்லாம் ஒழுங்கா ஓடினா மதர்போர்டு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. சில மாடல்ல பவர் பட்டனே கீபோர்டுலதான் இருக்கும், ரிப்பன எடுத்தா ஆன் ஆகாது, அத பாத்துட்டு போர்டு செத்துடுச்சுன்னு சொன்னா நம்பாதீங்க. சில மாடல்ல கீபோர்டு மேல் மூடியோட ஒட்டியே வரும், அதுக்கு செலவு கூட ஆகும், வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஒரு விஷயம், அது ஆபீஸ் குடுத்த லேப்டாப்னா வெளில எங்கயும் திறக்காதீங்க, ஐடி டீம்கிட்ட நடந்தத அப்படியே சொல்லச் சொல்லுங்க. பல லேப்டாப்ல உள்ள சின்ன ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டா செவப்பாயிடும், மறைச்சாலும் தெரிஞ்சிடும்.

சில வருஷம் முன்னாடி என் லேப்டாப்ல டீ கொட்டினப்போ ஒரு மணி நேரத்துலயே ஆன் ஆகுதான்னு ஒருவாட்டி போட்டுப் பாத்தேன், அதோட போர்டு போச்சு. அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன், கொட்டின நொடியே சார்ஜர புடுங்கிட்டு பவர் பட்டன பத்து செகண்ட் அமுக்கிப் புடிங்க, அணைஞ்சதும் ஸ்கிரீன விரிச்சு கூடாரம் மாதிரி கவுத்து வைங்க, மேற்கொண்டு உள்ள எறங்காது.

கேள்வி: கீ எல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, கை சானிடைசர் ஊத்தி கிளீன் பண்ணலாமா?
- வாசகர், சிவாஜிநகர்

பதில்: வேண்டாம் சார். அதுல தண்ணியும் கிளிசரினும் கலந்திருக்கும், பிசுக்கு கூடத்தான் செய்யும். லேப்டாப்ப அணைச்சிட்டு, பஞ்சுல ஐசோபுரொப்பைல் கொஞ்சமா தொட்டு மேலாப்ல தொடைங்க, ஹேர் டிரையர் மட்டும் காட்டாதீங்க, அந்த சூட்டுல கீ வளைஞ்சிடும்.